கச்சானும் வாடையும்: ராமநாதபுரம் கடற்கரை கேள்வி-பதில்

ஜூலையில் குடும்பத்தோடு ராமேசுவரம் போகிறோம். தனுஷ்கோடியில் ஒரு பக்கக் கடல் குளம்போல் கிடக்க, மறுபக்கம் கொந்தளிக்கும் என்கிறார்களே, ஏன்?
(திருச்சி வாசகர்)

ஜூலை கச்சான் காலம். மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று இது. தெற்கே உள்ள மன்னார் வளைகுடா இந்தக் காற்றுக்கு நேரே திறந்து கிடக்கிறது, ஆழமும் அதிகம். அதனால் அலை எழும்பி அடிக்கிறது. வடக்கே பாக் நீரிணைக்கு நிலம் மறைப்பாக நிற்கிறது. அங்கே ஆழமும் பெரும்பாலும் 15 மீட்டருக்குக் குறைவுதான். அக்டோபரில் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, திரும்பியதும் நிலைமை தலைகீழாகும்: வடகடல் குமுறும், தென்கடல் அடங்கும். மண்டபம், பாம்பன் பக்கத்து மீனவர்கள் பலர் இதற்கேற்ப ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குப் படகை மாற்றிக்கொள்வார்கள். நீங்கள் எந்த மாதம் போனாலும் தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் குளிக்க மட்டும் இறங்காதீர்கள். இருபுற நீரோட்டமும் அங்கே மோதுவதால் காலுக்கடியில் மணல் நிற்காது.

மகளிர் குழு சார்பில் கடல்பாசி வளர்க்க நினைக்கிறோம். எவ்வளவு விதை வேண்டும், எதில் நட்டம் வரும்?
(தொண்டி வாசகி)

நீங்கள் கேட்பது கப்பாஃபைகஸ் பாசி. ஊரில் ‘பெப்சி பாசி’ என்றால்தான் தெரியும். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை கட்டுங்கள். நான்கு மூலையிலும் குறுக்கு மூங்கில் வைத்து இறுக்காவிட்டால் முதல் பெரிய அலையிலேயே சட்டம் கோணிவிடும். ஒரு மிதவைக்கு 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதை. மொத்தம் 60 கிலோ. கணுவும் கிளையுமாக, நுனி கூர்மையாக இருக்கும் இளம் பாசியையே விதையாக எடுங்கள். விதையைக் கரையில் வெயிலில் வைத்துக் கட்டக் கூடாது. நிழலில் உட்கார்ந்து, கடல்நீர் தெளித்துக்கொண்டே கட்டி, அன்றே கடலில் இறக்கிவிட வேண்டும்.

மிதவைக்கு அடியில் வலை கட்டாயம். ஓரா மீன் கூட்டமாக வந்தால் ஒரே நாளில் கொழுந்தையெல்லாம் மேய்ந்துவிடும். அறுந்து விழும் பாசியையும் அந்த வலைதான் தாங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இறங்கி, கயிற்றில் ஒட்டும் சேற்றையும் வேற்றுப் பாசியையும் உதறிவிடுங்கள். 45 நாளில் அறுவடை. நன்றாக வந்தால் ஒரு மிதவையில் 250 கிலோ வரை கிடைக்கும். அதில் 60 கிலோவை அடுத்த சுற்றுக்கு விதையாக ஒதுக்க வேண்டும். மீதியைக் காயவைத்தால் பத்துக்கு ஒன்றாகச் சுருங்கும். 190 கிலோ ஈரப்பாசி 19 கிலோ காய்ந்த பாசி ஆகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கடன் வாங்காதீர்கள்.

பெரிய நட்டம் நோயால் வருவது. தண்டில் ஓரிடம் வெளுத்து, மெத்தென்றாகி, அங்கேயே ஒடிந்து விழும். தண்ணீர் சூடேறினாலோ மழைநீர் கலந்து உப்பு குறைந்தாலோ இது பரவுகிறது. வெளுத்த துண்டைக் கண்டதும் வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், கடலில் வீசாதீர்கள். வாடை தொடங்கினால் உங்கள் பக்கத்துக் கடலில் மிதவை நிற்காது, அதனால் அதற்குள் கடைசி அறுவடையை முடித்துவிட வேண்டும். காயவைக்கும்போது மணலில் பரப்பினால் விலை போகாது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வலைப் பரணே சரி.

இந்தப் பாசி நம் கடலுக்கு அந்நியமானது. மன்னார் வளைகுடாத் தீவுகளில் பவளப்பாறைமேல் அது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எனவே மீன்வளத் துறை ஒதுக்கும் இடத்தில் மட்டுமே மிதவை போடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஆண்டுக்கு 800 மி.மீ. மழை பெய்யும் மாவட்டத்தை வறண்ட பூமி என்பது சரியா?
(மதுரை வாசகர்)

மழையின் அளவு குறைவில்லை, அது வரும் விதம்தான் சிக்கல். கச்சான் காலத்து மழையை மேற்குமலை தடுத்துக்கொள்வதால் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதுவும் சில நாளில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே பகலில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. அணை கட்டிப் பிடிக்க மலையோ பள்ளத்தாக்கோ இங்கே கிடையாது. தட்டையான நிலத்தில் முன்னோர் கண்டது கண்மாய்தான்: ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்ததை நிறைக்கும். வைகையின் கடைசி நீர் சேருவதும் ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான். வண்டல் மேடிட்டு, உள்ளே சீமைக்கருவேலம் மண்டிய கண்மாய் பாதிக் கொள்ளளவைக்கூடத் தாங்காது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டால் அதற்குக் கீழே உள்ள கண்மாய்களுக்கும் நீர் போகாது. எந்த ஊரில் முதலில் கை வைக்க வேண்டும் என்று கேட்டால், மடையை விட வரத்துக்காலையே சொல்வோம்.

குண்டு மிளகாய் வத்தல் வெளுத்துப்போகிறது, பூஞ்சையும் பிடிக்கிறது. என்ன செய்வது?
(முதுகுளத்தூர் வாசகர்)

செடியிலேயே முழுதாகச் சிவந்ததை மட்டும் பறியுங்கள். நிழலில் ஓர் இரவோ இரண்டு இரவோ குவித்து வைத்தால் அரைப்பழமும் சீராகச் சிவக்கும். பிறகு வெறுந்தரையில் கொட்டாமல் தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். கடற்கரை ஊர்களில் மாசி மாதம் வரை பனி விழும் என்பதால் மாலையில் குவித்து மூடாவிட்டால் பகலில் காய்ந்தது இரவில் நமத்துவிடும். ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். ஈரப்பதம் 10 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருக்க வேண்டும். மூட்டை பிடிக்கையில் நொறுங்காமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை விடுங்கள். பூஞ்சை நஞ்சு ஏறுவது அங்கேதான், ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வருவதும் அதனால்தான். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய்க்கு அந்தக் கெட்ட பெயர் வரலாமா?

கடலுக்கு 200 அடி தூரத்தில் எங்கள் கிணறு. பல காலம் நல்ல தண்ணீர். ஆழ்துளை போட்டதும் உப்பு. ஏன்?
(தங்கச்சிமடம் வாசகி)

மணலுக்குள் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் தங்கும். மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால் அடியிலிருந்து உப்பு அதே கணக்கில் ஏறி வரும். ஆழ்துளையை மூடிவிட்டு உறைகிணற்றுக்கே திரும்புங்கள். குறைந்த குதிரைத்திறன் மோட்டாரைக் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று ஓட்டுங்கள். கூரை மழைநீரைக் கிணற்றருகே மணலில் இறக்குங்கள். ஏறிய உப்பு இறங்க ஓரிரு வாடை மழையாவது ஆகும்.