கட்சிக்காரர் ஒப்புக்கொண்ட பிறகு

அன்புள்ள சார்,

மதுரையில் பிராக்டிஸ் செய்கிறேன். ஒரு கொலை முயற்சி வழக்கில் வக்காலத்து போட்டிருக்கிறேன். சிறையில் போய்ப் பார்த்தபோது கட்சிக்காரர், “நான்தான் குத்தினேன் மேடம்” என்று சொல்லிவிட்டார். சீனியரோ, “அதையெல்லாம் காதில் வாங்கிக்காதே” என்கிறார். அம்மா, “இந்தப் பாவம் நமக்கு எதுக்கு?” என்கிறாள். இனி எந்த முகத்தோடு அவருக்காக வாதாடுவது?

க., மதுரை

அன்புள்ள க.,

காதில் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் அதை நீங்கள் வெளியே சொல்ல முடியாது. முன்பு சாட்சியச் சட்டம் 126ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியம் 132. ஆனால் இனிமேல் பொய்ச்சாட்சி தயார் செய்யச் சொன்னால் அந்தப் பேச்சுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. சம்பவத்தன்று அவர் தேனியில் கல்யாண வீட்டில் இருந்தார் என்று ஒரு சித்தப்பாவைக் கூண்டில் ஏற்றாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்தான் குத்தினார் என்று கைகாட்டவும் கூடாது.

மற்றபடி அரசுத் தரப்பைக் குடைந்தெடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கத்தியைக் கைப்பற்றியதற்கு போலீஸ் எழுதிய மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் உண்மையில் அங்கே இருந்தாரா? முதல் தகவல் அறிக்கை எப்போது பதிவானது, மாஜிஸ்திரேட் கைக்கு எப்போது போனது? காயச் சான்றிதழ் என்ன சொல்கிறது? அப்புறம், குத்தினாலே கொலை முயற்சி ஆகிவிடாது. கொல்லும் எண்ணம் இருந்ததா, தற்காப்பா, வெறும் காயம் ஏற்படுத்திய குற்றம்தானா? அவர் உங்களிடம் ஒப்புக்கொண்டது ஒரு செயலை. அது எந்தப் பிரிவில் வரும் என்பது அவருக்கே தெரியாது.

குற்றம் செய்தாரா என்பதில் வக்கீலின் சொந்த அபிப்பிராயம் எதுவானாலும் வழக்கை நடத்த வேண்டும், போதிய சாட்சியம் இல்லாமல் யாரும் தண்டிக்கப்படக் கூடாது என்றுதான் வக்கீல்களின் நடத்தையை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதியும் சொல்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அன்றைய தமிழ்நாட்டில் அவர்களுக்காக வாதாடுவது லேசான காரியமா? 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. சிலர்மீது நின்ற சிறு குற்றங்களுக்கான தண்டனையை அதற்குள் அனுபவித்தே முடித்திருந்தார்கள். எல்லாரும் ஒரே கூட்டம்தானே என்று வக்கீலும் இருந்திருந்தால் அந்த 19 பேரின் கதி என்ன?

எனக்குக் கோபம் வருவது வேறு வகை வக்கீல்கள்மேல். அரசுத் தரப்பு தன் சாட்சியிடம் நடத்தும் முதல் விசாரணை முடிந்ததும் குறுக்கு விசாரணைக்கு வாய்தா வாங்குவது, இடைப்பட்ட காலத்தில் சாட்சியைச் சரிக்கட்டுவது. நம் ஊரில் இதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் வேறு! பஞ்சாப் லஞ்ச வழக்கு ஒன்றில் முக்கிய சாட்சி ஒருவரை 20 மாதம் கழித்துத்தான் குறுக்கு விசாரணை செய்தார்கள். மனிதர் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்ந்துவிட்டார். 2015இல் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது, தண்டனையையும் உறுதிசெய்தது. கட்சிக்காரருக்கு என்ன லாபம்? நீங்கள் முதல் விசாரணை நடக்கும் அன்றே தயாராகப் போய்க் கேள்வி கேளுங்கள்.

அம்மாவைச் சமாதானப்படுத்த என்னிடம் வழியில்லை. ஆனால் அரை மனதோடு இந்த வழக்கில் இருக்காதீர்கள். முடியவில்லை என்றால் விசாரணை தொடங்கும் முன்பே விலகிவிடுங்கள். தகுந்த காரணம் வேண்டும், அவர் வேறு வக்கீல் பார்க்கப் போதிய அவகாசம் தர வேண்டும், செய்யாத வேலைக்கு வாங்கிய ஃபீஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதுவும் பார் கவுன்சில் விதிதான்.