‘தே லா லூஸ்’ எந்தக் கட்டத்தில் போகும்?

கேள்வி: என் மருமகன் மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பேரக்குழந்தைகளுக்காக இரு தரப்பு வம்சாவளியையும் கணினியில் ஏற்றி வருகிறேன். மருமகனின் கொள்ளுப்பாட்டி பெயர் ஞானஸ்நானப் பதிவில் ‘மரியா தே லா லூஸ் குவாதலூப்பே’, திருமணப் பதிவில் ‘லூஸ் எர்னாந்தெஸ்’, இறப்புப் பதிவில் ‘மா. குவாதலூப்பே எர்னாந்தெஸ் ராமிரெஸ்’ என்று இருக்கிறது. மென்பொருளோ முதல் பெயர், இடைப்பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டங்களைக் காட்டுகிறது. எதை எங்கே போடுவது? இப்போதைக்கு மூன்று ஆட்களாகவே பதிந்து வைத்திருக்கிறேன்.

பதில்: இடைப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். அது ஆங்கிலப் பெயர் வழக்கத்துக்காக வைத்த கட்டம்; அமெரிக்கப் படிவங்களில் நம்மவர்களின் இனிஷியல் படும் பாட்டைத்தான் ஸ்பானியப் பெயர்களும் அதில் படுகின்றன. ‘மரியா தே லா லூஸ் குவாதலூப்பே’ முழுவதும் முதல் பெயர்க் கட்டத்துக்கே உரியது. ‘எர்னாந்தெஸ் ராமிரெஸ்’ இரண்டும் சேர்ந்து குடும்பப் பெயர். வழக்கப்படி முன்னது தந்தை வழி, பின்னது தாய் வழி. வம்சாவளி மென்பொருள்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஜெட்காம் வடிவத்திலேயே, பழைய 5.5.1 பதிப்பானாலும் 2021இல் வந்த 7.0 ஆனாலும், இடைப்பெயர் என்று தனிப் பகுதி கிடையாது. அதனால் அந்தக் கட்டத்தைத் தவிர்ப்பதில் உங்களுக்கு நஷ்டம் ஏதுமில்லை.

‘தே லா லூஸ்’ என்பது மாதாவின் பட்டம். மயிலாப்பூரில் ‘லஸ்’ என்ற பெயர் நிலைக்கக் காரணமான பிரகாச மாதாதான் இந்த லூஸ். மரியா தெல் கார்மென், மரியா தெல் பிலார், மரியா தே லோஸ் ஆங்ஹெலெஸ் எல்லாம் இதே வகை. ‘மரியா’வை மட்டும் முதல் பெயராக வெட்டி எடுத்தால் அந்த வீட்டுப் பெண்களில் பாதிப் பேர் மரியாவாகிவிடுவார்கள், யார் எவர் என்றே தெரியாது. ஆண்களுக்கும் இது பொருந்தும். 1881இல் மாலகாவில் பிறந்த பிகாசோவுக்குச் சூட்டிய நீண்ட பெயர் வரிசையில் ‘ஃபிரான்சிஸ்கோ தே பாவுலா’ ஒரே புனிதர், ‘ஹுவான் நெபொமுசேனோ’வும் ஒரே புனிதர். வரிசையையும் மாற்றாதீர்கள்: ஹோசே மரியா ஆண், மரியா ஹோசே பெண்.

‘தே லா’வைக் கண்டதும் அதைக் குடும்பப் பெயரின் முன்னொட்டாக ஒதுக்கிவிடும் மென்பொருள்களும் உண்டு, மனிதர்களும் உண்டு. உண்மையான சிக்கல் ‘மரியா தே லா குருஸ்’ போன்ற பெயர்களில்தான். ‘தே லா குருஸ்’ குடும்பப் பெயராகவும் இருக்கலாம், சூட்டிய பெயரின் பகுதியாகவும் இருக்கலாம். அந்த ஒரு பதிவை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. தகப்பனார் பெயரையும் உடன்பிறந்தவர்களின் ஞானஸ்நானப் பதிவுகளையும் தேடிப் பாருங்கள். தகப்பனும் பிள்ளைகளும் எல்லோருமே ‘தே லா குருஸ்’ என்றால் அது குடும்பப் பெயர். ஒருத்தி ‘தே லா குருஸ்’, தம்பி ‘தே லோஸ் சாந்தோஸ்’, தகப்பன் வெறும் ‘ஹுவான் தியேகோ’ என்றால், பரம்பரைக் குடும்பப் பெயரே இல்லாத வீடு அது. ஸ்பானிய ஆட்சிக்கால மெக்சிகோவின் பூர்வகுடி மக்களிடம் இது மிகச் சாதாரணம். அப்போது குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுவதுதான் நேர்மை. கட்டம் காலியாகக் கிடக்கிறதே என்று எதையாவது இட்டு நிரப்பினால், இல்லாத ஒரு வம்சத்தை நீங்களே படைத்தவராவீர்கள்.

‘மா.’ என்பது மரியாவின் சுருக்கம். பெயர்க் கட்டத்தில் விரித்து எழுதி, ஆவணத்தில் இருந்த வடிவத்தை ஆதாரக் குறிப்பில் அப்படியே வையுங்கள். பழைய பதிவுகளில் ஃபிரான்சிஸ்கோவை ‘ஃபிராங்கோ’ போலச் சுருக்கி எழுதியிருப்பார்கள். அதைக் குடும்பப் பெயராகப் படித்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

வீட்டில் அழைத்த பெயர் எது என்பதையும் பதியுங்கள். மெக்சிகோ ஓவியர் மகதலேனா கார்மென் ஃபிரீதா காலோ மூன்றாம் பெயரால்தான் உலகுக்குத் தெரிந்தார். குவாதலஹாராவில் 1906இல் மரியா தே லா லூஸ் ஃப்ளோரெஸ் அசேவெஸ் என்ற பெயரில் பிறந்தவர்தான் பாடகி லூச்சா ரேயெஸ். லூஸ் என்பவர்களை லூச்சா என்று செல்லமாக அழைப்பது அங்கே வழக்கம். கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் அழைக்கும் பெயருக்கும் செல்லப் பெயருக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. இரண்டு குடும்பப் பெயர்களையும் தனித்தனியாக இட்டு, ஒவ்வொன்றும் எந்த வழி வந்தது என்று குறிக்கவும் அதில் முடியும். அந்த வசதி இல்லாத மென்பொருளில் செல்லப் பெயரை மேற்கோள் குறிக்குள் முதல் பெயரோடு ஒட்டவேண்டாம்; மாற்றுப் பெயராகச் சேருங்கள்.

இனி அந்த மூன்று ஆட்கள். ஒருவரே என்றால் ஞானஸ்நானப் பதிவில் உள்ள முழுப்பெயரை முதன்மையாக வைத்து, மற்ற இரண்டையும் மாற்றுப் பெயர்களாக, அந்தந்த ஆவணத்தோடு இணையுங்கள். ஞானஸ்நானப் பதிவில் குழந்தைக்குக் குடும்பப் பெயர் எழுதாதது புதிதல்ல; பெற்றோர் பெயர்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இணைக்கும் பொத்தானை அழுத்தும் முன் ஒன்றைப் பாருங்கள்: குவாதலூப்பே என்று ஒரு தங்கையோ அக்காவோ இருந்தாரா? ஒரே வீட்டில் மரியா தே லா லூஸ், மரியா தே ஹேசுஸ், மரியா குவாதலூப்பே என்று மூன்று சகோதரிகள் இருப்பது அங்கே வியப்பல்ல. இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்குச் சூட்டுவதும் உண்டு. இறப்புப் பதிவில் உள்ள கணவர் பெயர், வயது, பெற்றோர் பெயர்கள் திருமணப் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டு ஆட்களாகவே இருக்கட்டும். பிற்பாடு இணைப்பது சுலபம், பிரிப்பது பெரும்பாடு.

எல்லாம் முடிந்ததும் ஜெட்காம் கோப்பாக ஏற்றுமதி செய்து, அதைச் சாதாரண நோட்பேடில் திறந்து கொள்ளுப்பாட்டியின் பெயர் வரியைப் பாருங்கள். குடும்பப் பெயர் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே வரும். ‘மரியா தே லா லூஸ் குவாதலூப்பே /எர்னாந்தெஸ் ராமிரெஸ்/’ என்று இருந்தால் சரி. ‘குவாதலூப்பே’ கோட்டுக்குள் போயிருந்தாலோ, ‘எர்னாந்தெஸ்’ வெளியே நின்றாலோ, மென்பொருளுக்குத் திரும்பி அந்த ஒரு பெயரை மட்டும் திருத்தி மறுபடியும் ஏற்றுமதி செய்யுங்கள்.