பத்துப் பேரும் ஐந்து ஸ்டார் கொடுத்தும் பின்னால் இருப்பது ஏன்?

கேள்வி: விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். கூகுள் மேப்ஸில் 10 ரிவ்யூ, பத்துமே ஐந்து ஸ்டார். 200 ரிவ்யூவோடு 4.6 மட்டுமே வாங்கிய இன்னொரு கேட்டரிங் எனக்கு மேலே வருகிறது. இது நியாயமா?
– வாசகி, ஈரோடு

பதில்: பத்துப் பேர் சொன்னதையும் இருநூறு பேர் சொன்னதையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதால்தான் இப்படி. ரிவ்யூ தளமான டிரஸ்ட்பைலட் தன் கணக்கை வெளிப்படையாகவே சொல்கிறது. எந்த நிறுவனமானாலும் தலா 3.5 ஸ்டார் வீதம் 7 ரிவ்யூ ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொண்டு சராசரி எடுக்கிறார்கள். அதன்படி உங்களுக்குப் போட்டுப் பாருங்கள்: 24.5 உடன் 50 சேர்த்து 17 ஆல் வகுத்தால் 4.38. அவருக்கு 24.5 உடன் 920 சேர்த்து 207 ஆல் வகுத்தால் 4.56. (புதிய ரிவ்யூவுக்கு அங்கே மதிப்பும் கூடுதல், அது தனிக் கணக்கு.) ஆள் கூடக் கூட அந்த ஏழின் பிடி தளர்ந்துவிடும்.

கூகுள் தன் சூத்திரத்தை வெளியிடவில்லை. தேடலுக்குப் பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், கடையின் பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகச் சொல்கிறது. ரிவ்யூ எண்ணிக்கையும் ஸ்டாரும் மூன்றாவதில் சேரும். ஆகவே பொருத்தம் சரியாக அமைய, முதலில் உங்கள் பக்கத்தின் முதன்மைப் பிரிவைப் பாருங்கள். ‘உணவகம்’ என்று இருந்தால் ‘கேட்டரிங்’ என்று மாற்றுங்கள். பணம் கட்டி இந்த வரிசையில் முன்னேற முடியாது; விளம்பரம் தனி அடையாளத்தோடுதான் வரும். பணம் கட்டியவரை மேலே வைக்கும் டைரக்டரிகளும் (கடைகளைப் பட்டியல் போடும் தளங்கள்) உண்டு. அவர்களிடம் சந்தா கட்டுமுன், கிடைப்பது விளம்பர இடமா, ரேட்டிங் வரிசையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சொந்தக்காரர்களை எழுதச் சொன்னேன். நான்கு ரிவ்யூ காணாமல் போய்விட்டது. போதாக்குறைக்கு ஒருவர் ஒரு ஸ்டார் போட்டிருக்கிறார். என்ன செய்வது?

பதில்: காணாமல் போனதைத் தேட வேண்டாம். வாடிக்கையாளராக இல்லாதவர் எழுதுவது கூகுள் விதிக்கே எதிரானது. தள்ளுபடி தருகிறேன் என்று சொல்லி எழுத வைப்பதும், திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்பதும் அப்படியே. பந்தி முடிந்த மறுநாள், சமையல் பிடித்தவர் பிடிக்காதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ரிவ்யூ லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூகுளில் உங்கள் கடைக்கான பக்கமான பிசினஸ் புரொஃபைலில் அந்த லிங்க்கும் கியூஆர் கோடும் கிடைக்கும்.

அந்த ஒரு ஸ்டார் உங்களை அதிகம் வலிக்க வைப்பதற்குக் காரணம் எண்ணிக்கைதான். பத்தோடு அது சேர்ந்தால் 5.0 நேராக 4.64 ஆகிவிடும். இருநூறோடு சேர்ந்தால் 4.6 என்பது 4.58 ஆகும், அவ்வளவுதான். ‘சாம்பார் ஆறிப்போயிருந்தது’ என்பது பொய்யே ஆனாலும் கூகுள் பஞ்சாயத்து பேசாது. வசவு, போலிக் கணக்கு, வேறு கடைக்கான ரிவ்யூ என்றால் மட்டும் புகார் கொடுங்கள். மற்றதற்கு, எந்தத் தேதி, எந்த ஆர்டர் என்று பணிவாகக் கேட்டு அங்கேயே பதில் எழுதுங்கள். அடுத்து வருபவர் ஸ்டாரோடு உங்கள் பதிலையும் படிப்பார்.