கேள்வி – பதில்: கரோலினா நெல்லை விளைவித்தவர்கள்

கேள்வி: அமெரிக்கப் பண்ணைகளில் அடிமைகளாக இருந்த ஆபிரிக்க மக்கள் கொடுத்தது உடலுழைப்பு மட்டும்தானே? விவசாய அறிவையும் அவர்கள் கொண்டுசென்றார்கள் என்று எங்கள் ஆசிரியை சொல்கிறார். அது சரியா?
– வாசகி, ஹட்டன்

பதில்: உங்கள் ஆசிரியை சொல்வது சரி. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் கரோலினாவின் கரையோரச் சதுப்புகளில் நெற்செய்கை தொடங்கியபோது, அங்கு குடியேறியிருந்த ஆங்கிலேயர்களுக்கு நெல் பழக்கமான பயிர் அல்ல. செனகாம்பியா முதல் சியராலியோன் வரையிலான மேற்கு ஆபிரிக்கக் கரையினரோ வரம்பு கட்டி உவர்நீரைத் தடுத்து, தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்தவர்கள். சார்ள்ஸ்டன் துறைமுகத்து வியாபாரிகள் ‘நெற்கரையிலிருந்து வந்தவர்கள்’ என்று விளம்பரம் செய்தே அவர்களை விற்றார்கள். அந்த அறிவின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உண்டு. ஆயினும் விதைநெல்லைக் குதிகாலால் மண்ணில் அழுத்தி மூடியதும், மரத்தைக் குடைந்த உரலில் உலக்கையால் குற்றியதும், புல்லைச் சுருள் சுருளாகச் சுற்றித் தைத்த வட்டத் தட்டில் உமி பறக்கப் புடைத்ததும் ஆபிரிக்க வழக்கங்களே என்பது என் உறுதியான எண்ணம். நம் பாட்டிமாரின் சுளகுக்கு நிகரான அந்தத் தட்டின் வழிவந்த கூடைகளை, அந்த அடிமைகளின் வழித்தோன்றல்களான குல்லா மக்கள், சார்ள்ஸ்டனுக்கு அருகிலுள்ள மவுண்ட் பிளசண்ட் வீதியோரத்தில் இன்றும் தைத்து விற்கிறார்கள். நம் தேயிலைத் தோட்டங்களில் கவ்வாத்துக் கத்தியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று அறிந்த ஒருவரைக் ‘கூலி’ என்று மட்டும் பதிந்துவைத்த ஏடுகளை அறிந்த நமக்கு, இந்த மறைப்பு புதிதல்ல.

கௌபி, வெண்டி, இறுங்கு, எள் ஆகியனவும் ஆபிரிக்காவிலிருந்து அங்கு சென்றவையே. 1896இல் அலபாமாவின் டஸ்கிகீ கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த கறுப்பின விவசாய விஞ்ஞானி ஜோர்ஜ் வொஷிங்டன் கார்வர், பருத்தியால் சத்திழந்த மண்ணில் கச்சானையும் கௌபியையும் மாற்றிப் பயிரிடக் கற்பித்தார். 1906 முதல் குதிரைவண்டியில் விவசாயப் பாடமே ஊர் ஊராகச் சென்றது.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பின்பும், நிலம் மட்டும் அந்த மக்களுக்குக் கிடைக்கவில்லை. 1865 ஜனவரியில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்குவதாகப் பிறந்த இராணுவ ஆணையை, அதே ஆண்டிலேயே ஜனாதிபதி அண்ட்ரூ ஜோன்சன் செயலிழக்கச் செய்து, காணிகளைப் பழைய முதலாளிமாரிடமே திருப்பிக் கொடுத்தார். நம் தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியின் உறுதிக்காகக் காத்திருப்பவர்களுக்கு அந்த ஏமாற்றத்தின் கனம் புரியும். அப்படியிருந்தும் 1920இல் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின விவசாயிகள் சொந்த நிலத்திலும் குத்தகை நிலத்திலும் பயிர் செய்தார்கள். கடன் மறுக்கப்பட்டும் காணி பறிபோயும், இன்று அந்நாட்டு விவசாயிகளில் அவர்கள் 100க்கு 2 பேர்கூட இல்லை.