நோயைக் கண்டறிய, நோயாளியின் ரத்த மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சோதித்தால் போதாதா? ஏழை நாட்டுக்குச் சொந்த ஆய்வகம் எதற்கு?

போதாது. மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியாவில் 2013 டிசம்பரில் தொடங்கிய எபோலா என்ற கொடிய தொற்றுநோய், ரத்த மாதிரிகள் பிரான்ஸ் போய்ச் சேர்ந்து 2014 மார்ச்சில்தான் உறுதியானது. அதற்குள் ஊர் ஊராகப் பரவிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் நைஜீரியாவின் லாகோஸ் நகருக்கு எபோலா வந்தபோது, அந்நாட்டு ஆய்வகங்களே சில நாள்களில் கண்டுபிடித்துவிட்டன. போலியோ ஒழிப்பில் பழகியவர்கள் வீடு வீடாகப் போய், நோயாளிகளோடு பழகியவர்களுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். தொற்று 20 பேரோடு நின்றது. அவர்களில் 8 பேர் இறந்தார்கள்.

சரி, கருவி வாங்கிக் கொடுத்துவிட்டால் ஆயிற்றா? மாதிரிகளைச் சேமித்து வைக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் நீண்ட மின்வெட்டில் குளிர் இழந்தால், பல வருட மாதிரிகளும் போய்விடும். ஜெனரேட்டருக்கு டீசல், பழுதுபார்க்கத் தெரிந்த உள்ளூர் ஆள், நிதித்திட்டம் முடிந்த பிறகும் வருகிற சம்பளம். என்னைக் கேட்டால் முதல் பணம் இவற்றுக்குத்தான் போக வேண்டும்.