இரண்டு சீட், குறைந்த எடை: கார் கேள்வி பதில்

கேள்வி (மன்னார்குடி): கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் என்ற இரண்டு சீட் கார் ஒன்று புனேயில் விலைக்கு வந்திருக்கிறது. இன்ஜின் வெறும் 60 குதிரைத்திறன்தான். வீட்டில் இருக்கிற ஸ்விஃப்ட்டே அதைவிட அதிகம் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: குதிரைத்திறனைக் கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள் எடையையும் கேட்டிருக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பெரிய இன்ஜின், 200 கிலோமீட்டர் வேகம் என்று நம் ஊரில் பதிந்துவிட்டது. ஆனால் இந்த வகை வண்டிகளின் ருசியே எடைக்குறைவில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கிய காலின் சாப்மன் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான். அவர் காலத்துக்குப் பிறகு, 1996-ல் வந்த லோட்டஸ் எலீஸ் சுமார் 725 கிலோதான், இன்ஜினும் 120 குதிரைத்திறனைத் தொடவில்லை. ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5 1989-ல் வந்தபோது ஒரு டன்னுக்குக் கீழே இருந்தது, 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 குதிரைத்திறன். அந்த வண்டிதான் 2016-ல் பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்டது. எடை குறைந்தால் பிரேக் பிடித்தவுடன் நிற்கும், வளைவில் டயர் தாங்க வேண்டிய பாரம் குறையும், ரோட்டில் நடப்பதெல்லாம் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வரும். 1,600 கிலோ எஸ்யூவியில் 100-ல் போனாலும் கிடைக்காத ஒன்று இதில் 50-லேயே கிடைத்துவிடும்.

அதனால் வாங்கலாம். ஆனால் போட்டோ பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள், நேரில் போங்கள். ஸ்டார்மின் பாடி ஃபைபர், அது துருப்பிடிக்காது. பிரச்சினையும் அங்கேதான், மேலே பளபளவென்று பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள், அடியில் இரும்புச் சட்டம் அரித்துக் கிடக்கும். நான் ஒரு முறை பழைய இரண்டு சீட் வண்டி ஒன்றை மழை நேரத்தில் அவசரமாகப் பார்த்து வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து தூக்கிப் பார்த்தால், சஸ்பென்ஷன் சட்டத்தில் சேரும் இடத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்து மேலே கறுப்புப் பூச்சு பூசியிருந்தார்கள், அதைச் சரிசெய்ய வண்டியின் விலையில் பாதி போனது. ஆகவே லிஃப்ட்டில் ஏற்றி, அந்த இடங்களை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. ஃபைபரில் கதவைச் சுற்றி விரிசல் இருந்தால் எங்கேயோ இடித்த வண்டியாக இருக்கலாம். டயர் பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. கொஞ்சமாக ஓடும் வண்டிகளில் டயர் தேயாமலே கெட்டியாகிவிடும். இன்ஜின் ரெனோவின் 1,149 சிசி, வெளிநாட்டில் ட்விங்கோ, க்ளியோ கார்களிலும் ஓடியது, அதனால் இன்ஜின் சாமானுக்கு வழி உண்டு. கதவுக் கண்ணாடி, விளக்கு, சாஃப்ட் டாப் (மடக்கித் திறக்கும் துணிக் கூரை) ஆகியவை உடைந்திருந்தால் மட்டும் யோசியுங்கள், அவற்றைத் தேடி அலைவது பெரிய வேலை.

பேப்பர் விஷயம்: புனே ஆர்டிஓ தரும் என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) இல்லாமல் அட்வான்ஸ்கூட வேண்டாம். 15 வருடம் தாண்டிய வண்டி என்றால் எஃப்சி காட்டி ஆர்சி புதுப்பித்திருக்க வேண்டும். இங்கே வந்ததும் லைஃப் டாக்ஸ் தனி. இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி (கூத்தாநல்லூர்): சிங்கப்பூரில் மச்சான் இருக்கிறார். பத்து வருட சிஓஇ (அங்கே கார் வைத்திருக்க வாங்கும் உரிமம்) முடிகிற எம்எக்ஸ்-5 மலிவாகக் கிடைக்குமாம், ஸ்டியரிங்கும் நம்ம பக்கம்தான். கப்பலில் ஏற்றிவிடலாமா?

பதில்: ஏற்ற வேண்டாம். பழைய கார் இறக்குமதிக்கு நம் நாட்டில் மூன்று வருட வயது வரம்பு உண்டு, பத்து வருட வண்டியைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். வயது சரியாக இருந்தாலும் வரி, வண்டி விலையையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். எனக்கும் அந்த வண்டி மேல் ஆசை உண்டு, அதனால் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். அடுத்த முறை சிங்கப்பூர் போகும்போது அங்கேயே ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று மச்சானை விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): கணவர் இப்படி ஒரு வண்டி வாங்கியே தீருவேன் என்கிறார். இங்கே எல்லாம் வாய்க்கால் கரை ரோடு, அறுப்பு வந்தால் ரோடு முழுக்க நெல். இதை எங்கேதான் ஓட்டுவது?

பதில்: நல்ல கேள்வி அம்மா, வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்களே, அது இன்னும் நல்லது. டெல்டா இந்த வண்டிக்கு ஒத்துவராத ஊர் இல்லை, ஆனால் நேரமும் பாதையும் பார்த்து ஓட்ட வேண்டிய ஊர். முதல் தொல்லை வாய்க்கால் பாலங்கள். கூன் முதுகு மாதிரி ஏறி இறங்கும் பாலத்தில் நேராக ஏறினால் வயிறு தட்டும், கொஞ்சம் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். கிராமத்து வேகத்தடைக்கும் அதேதான்.

அடுத்தது நெல். காயப் போட்ட நெல்மேல் டயர் ஏறினால் கோலிக்குண்டு மேல் கால் வைத்த மாதிரிதான், பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது. அதோடு அது ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு, ஒதுங்கித்தான் போக வேண்டும், வழி இல்லையென்றால் நிறுத்தி, அவர்கள் ஒதுக்கிக் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அறுவடை மெஷினும் டிராக்டரும் வயலிலிருந்து ஏறும் இடங்களில் சேறு வழுக்கும். பின்சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தால் இதை மனதில் வையுங்கள்: வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பாரம் முன்னால் சாய்ந்து பின்பக்கம் வெளியே போகும், தடுப்புச் சுவர் இல்லாத கரை ரோட்டில் வெளியே என்றால் வாய்க்கால்தான். பிரேக்கை நேர் ரோட்டில் முடித்துவிட்டு, அப்புறம் திரும்ப வேண்டும். இரவில் வேண்டவே வேண்டாம், உயரம் குறைந்த வண்டி லாரிக்காரர் கண்ணுக்குப் படாது, விளக்கில்லாத டிரெய்லர் உங்கள் கண்ணுக்குப் படாது.

நேரம் என்றால் காலை ஐந்தரை. ஜூன் 12 மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வந்த பிறகு, திருவையாற்றிலிருந்து கணபதி அக்ரஹாரம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம் வரை ஒரு தடவை கூரையைத் திறந்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். நாற்பது, நாற்பத்தைந்துதான் வேகம். புதுத்தண்ணீர் வாசனை, உழுத வயல் வாசனை, தோப்புக்குள் நுழையும்போது சட்டென்று குளிர்வது, இதெல்லாம் ஏசி போட்டு மூடிய காரில் தெரியவே தெரியாது. இதற்காகத்தான் அவர் கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

கேள்வி (நாகப்பட்டினம்): கடற்கரை ஊரில் கூரை திறக்கிற வண்டி தாங்குமா?

பதில்: தாங்கும், கழுவினால். வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் போய் வந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அடித்துவிடுங்கள். பேட்டரி முனைகளில் பச்சை படியவிடாதீர்கள். ஈரத்தோடு சாஃப்ட் டாப்பை மடித்தால் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி (திருவாரூர்): வாங்கிவிட்டேன். இன்ஜினை மாற்றி வேகம் கூட்டலாமா? வேகமாக ஓட்டிப் பழக எங்கே போவது?

பதில்: அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்றினால் ஆர்சி சிக்கலாகும், இன்ஷூரன்ஸும் கைவிரிக்கும். அந்தப் பணத்துக்கு நல்ல டயரும் பிரேக் பேடும் போடுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். வேகத்துக்குக் கோவை செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே, சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் என்று இரண்டு ரேஸ் டிராக் இருக்கின்றன. சொந்த வண்டியை ஓட்டவிடும் நாட்கள் எப்போது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு, நல்ல ஹெல்மெட்டோடு போங்கள்.