கவுன்சலிங் சீட்டை விட்டுவிட்டு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள். பொறியியல் கவுன்சலிங்கில் 7.5% ஒதுக்கீட்டில் மெக்கானிக்கல் கிடைத்திருக்கிறது. பக்கத்திலுள்ள கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கித் தர 3 லட்சம் கேட்கிறார் ஒரு தரகர். கணவருக்குக் கட்டட வேலை, ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள். நகையை வைத்துப் பணம் புரட்டலாமா?
- விழுப்புரம் மாவட்ட வாசகி

பதில்: வேண்டாம் அம்மா.

அந்த 3 லட்சம் உள்ளே நுழைவதற்கு மட்டும்தான். நான்கு வருடக் கட்டணம் தனி. உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பதோ கட்டணமே இல்லாத சீட். மருத்துவத்துக்கு 2020-ல் வந்த 7.5% ஒதுக்கீடு, 2021-ல் பொறியியலுக்கும் வந்தது. இதில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் போனால் அத்தனையும் போச்சு. இந்தச் சலுகை யாருக்காக வந்ததோ, அவர்கள் வீட்டுக்குத் தகவல் வருவதற்குள் தரகர் வந்துவிடுகிறார். பல வருடங்களாகப் பார்க்கிறேன், இது மட்டும் மாறவில்லை.

10% வட்டி என்றே வைப்போம். 3 லட்சத்துக்கு மாதம் 2,500 ரூபாய். கட்டட வேலையில் மழைக்காலத்தில் அதை எங்கிருந்து கட்டுவீர்கள்? வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கத் தவறினால் ஏல நோட்டீஸ்தான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டுமென்றால், சீட்டை உறுதிசெய்யும்போதே 'அப்வர்ட்' கேட்க வழி இருக்கிறது. மேலே வைத்த விருப்பம் காலியானால் கிடைக்கும்.

சரி, கட்டணம் இல்லை என்பதற்காகச் செலவே இல்லை என்று நினைக்காதீர்கள். லேப்டாப், பஸ், ஜெராக்ஸ் இருக்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் முதல் செமஸ்டர் கணக்கில் தடுமாறி அரியர் வைப்பதும் உண்டு. அதற்கு டியூஷன் வைக்க நேர்ந்தால் தயங்காமல் வையுங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். சேர்ந்த வாரமே கேளுங்கள்.

அப்புறமும் போதவில்லையென்றால் கல்விக் கடன். 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது, பெற்றோர் கையெழுத்து போதும். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு தரும் திட்டம் உண்டு. உங்கள் கல்லூரி அதில் வருமா என்று வங்கியில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒதுக்கீட்டில் சேரும்போது கல்லூரியில் 'இதர கட்டணம்' என்று ஏதாவது கேட்டால், எதற்கு என்று எழுத்தில் வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.